கிறிஸ்து பிறப்பை ஒட்டிய காலங்களும் விழாக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் கடைசி வாரம் வந்தாலே மறைக்கல்வி வகுப்பில், அன்பியக் கூட்டத்தில், பூசை முடிந்து செருப்பு தேடும் இடத்தில் என்று எல்லா இடத்திலும் அதே சந்தேகங்கள் காதில் விழும். சிலவற்றைச் சிறுவர்கள் கேட்பார்கள், சிலவற்றைப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் இலத்தீன் வழிபாட்டு முறையைப் பின்பற்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் வழக்கப்படி. சீரோ மலபார், சீரோ மலங்கரா திருச்சபைகளுக்கு அவற்றுக்கே உரிய நாட்காட்டி உண்டு.

திருவருகைக் காலம்னா கிறிஸ்மஸுக்குத் தயாராகிற நாலு வாரம், அவ்வளவுதானே?

அது பாதி பதில். முதல் ஞாயிறு அன்று வாசிக்கிற நற்செய்தியைக் கவனித்துக் கேளுங்கள். அதில் பெத்லகேமும் இல்லை, குழந்தையும் இல்லை. "விழிப்பாயிருங்கள், ஆண்டவர் வரும் நேரம் உங்களுக்குத் தெரியாது" என்பதுதான் அன்றைய செய்தி. ஆண்டவர் உலக முடிவில் மாட்சியோடு திரும்பி வருவார் என்று நம்பிக்கை அறிக்கையில் சொல்கிறோமே, அந்த வருகைக்குத்தான் டிசம்பர் 16 வரை முதலிடம். 17ஆம் தேதியிலிருந்துதான் வாசகங்கள் பிறப்பை நோக்கி நேராகத் திரும்பும். ஒருமுறை வந்தவர் மறுபடியும் வருவார் என்பதுதான் இந்தக் காலத்தின் உயிர்.

திருவழிபாட்டு ஆண்டும் இந்த ஞாயிறில்தான் தொடங்குகிறது. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன, ஒவ்வோர் ஆண்டும் ஒரு நற்செய்தியாளரின் நூல் முதன்மையாக வரும். 2025 நவம்பர் 30 அன்று மத்தேயு ஆண்டு தொடங்கியது, 2026 நவம்பர் 29 அன்று மாற்கு ஆண்டு தொடங்கும்.

ஒவ்வொரு வருஷமும் வேற வேற தேதியில ஆரம்பிக்குதே, எப்படிக் கணக்குப் போடுறாங்க?

நவம்பர் 30 திருத்தூதர் அந்திரேயா விழா. அதற்கு மிக அருகில் வருகிற ஞாயிறுதான் முதல் ஞாயிறு. அதனால் நவம்பர் 27க்கு முன்பும் வராது, டிசம்பர் 3க்குப் பின்பும் வராது. ஞாயிறுகள் எப்போதும் நான்குதான், ஆனால் நாட்கள் 22லிருந்து 28 வரை மாறும். 2022இல் நான்கு வாரமும் முழுசாகக் கிடைத்தது. 2023இல் டிசம்பர் 3 அன்று தொடங்கி, நான்காம் ஞாயிறே 24ஆம் தேதி ஆகிவிட்டது. அதே டிசம்பர் 3தான் புனித சவேரியார் விழா. கோட்டாறு திருவிழாவை முடித்துக்கொண்டு நேராகத் திருவருகைக் காலத்துக்குள் நுழைவது குமரி மாவட்டத்தில் வழக்கமான காட்சி.

சாமியார் ஊதா உடுப்பு போடுறார். அப்போ இதுவும் தவக்காலம் மாதிரி நோன்புக் காலமா?

சட்டப்படி இல்லை. இப்போதைய திருச்சபைச் சட்டத் தொகுப்பு வெள்ளிக்கிழமைகளையும் தவக்காலத்தையும் மட்டும்தான் தவத்துக்கு உரியவையாகச் சொல்கிறது. பழைய காலத்தில் ஐரோப்பாவின் சில பகுதிகளில் நவம்பர் 11, புனித மார்ட்டின் விழாவிலிருந்தே நோன்பு தொடங்கிவிடும். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் நோன்பு 20ஆம் நூற்றாண்டிலும் சட்டத்தில் இருந்தது. இன்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் 24ஆம் தேதி கறி சேர்க்காமல் இருப்பது அந்த வழக்கத்தின் மிச்சம். விரும்பி இருப்பவர்கள் தாராளமாக இருக்கலாம்.

பூசையிலேயே வித்தியாசம் தெரியும். தவக்காலத்தில் வானவர் கீதமும் கிடையாது, அல்லேலூயாவும் கிடையாது. திருவருகைக் கால ஞாயிறுகளில் வானவர் கீதம் மட்டும்தான் இல்லை, அல்லேலூயா உண்டு. பெத்லகேம் வானத்தில் வானதூதர்கள் பாடிய பாட்டை அந்த இரவுக்கென்று எடுத்து வைக்கிறோம். பல நாள் பாடாமல் இருந்துவிட்டு 24ஆம் தேதி இரவில் மணிகளோடு அதைப் பாடும்போதுதான் அந்தப் பாட்டின் கனம் தெரிகிறது. பாடகர் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்: இடையில் வரும் ஞாயிறுகளில் "பழக்கத்தில்" அதை எடுத்துவிடாதீர்கள்.

மூணாவது ஞாயிறு மட்டும் ரோஸ் கலர்ல வர்றாரே, அது ஏன்?

பாதிக் காத்திருப்பு முடிந்துவிட்டது என்கிற மகிழ்ச்சிக்காக. பூசை தொடங்கும்போது வரும் அன்றைய வருகைப் பல்லவி பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய வரி. ஆண்டவரில் மகிழுங்கள் என்று சொல்லிவிட்டு, திரும்பவும் மகிழுங்கள் என்கிறார். அதனால் அது மகிழ்ச்சி ஞாயிறு. ரோஸ் உடுப்பு கட்டாயமில்லை, ஊதாவிலேயே வரலாம். தவக்காலத்தின் நான்காம் ஞாயிறும் இதே மாதிரிதான்.

மெழுகுதிரி வளையம் பழைய கத்தோலிக்க வழக்கமா? நாலு திரிக்கும் என்ன பேர்?

அவ்வளவு பழையதில்லை, தொடங்கியவரும் கத்தோலிக்கர் இல்லை. 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஏழைப் பிள்ளைகளுக்காக இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விகெர்ன் என்ற லூத்தரன் போதகர், பெரிய மரச்சக்கரம் ஒன்றில் மெழுகுதிரிகளைப் பொருத்தி வைத்தார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரி, மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்புத் திரி. பிள்ளைகள் நாளுக்கு ஒன்றாக ஏற்றி, இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டார்கள். கத்தோலிக்கக் கோயில்களுக்குள் அது 20ஆம் நூற்றாண்டில்தான் வந்தது.

நம்பிக்கை, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று திரிகளுக்குப் பெயர் சொல்வது பக்தி வழக்கம், திருப்பலி நூலில் அப்படி எதுவும் இல்லை. ஊருக்கு ஊர் பெயரும் வரிசையும் மாறினால் சண்டை போட வேண்டாம்.

டிசம்பர் 8 அமல உற்பவம்னா இயேசு மாதா வயித்துல உருவான நாளா? அப்போ 17 நாள்ல எப்படிப் பிறந்தார்?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான், கேட்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். டிசம்பர் 8, மரியா தம் தாயின் வயிற்றில் கருவான நாள். ஆண்டவரின் தாயாகப் போகிறவர் என்பதால், தம் வாழ்வின் முதல் நொடியிலிருந்தே, மனிதர் பிறப்பிலேயே சுமக்கும் பிறப்புநிலைப் பாவம் தீண்டாதபடி கடவுள் அவரைக் காத்தார் என்பது நம் விசுவாசம். 1854 டிசம்பர் 8 அன்று திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார்.

இயேசு கருவானதைக் கொண்டாடுவது மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள். மார்ச் 25லிருந்து டிசம்பர் 25, ஒன்பது மாதம். டிசம்பர் 8லிருந்து செப்டம்பர் 8, மாதாவின் பிறப்பு விழா, அதுவும் ஒன்பது மாதம். வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிற நமக்குச் செப்டம்பர் 8ஐச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கிருந்து பின்னால் எண்ணிப் பார்த்தால் டிசம்பர் 8 தானாகப் புரிந்துவிடும்.

சில வருடம் இந்த விழா 9ஆம் தேதிக்குப் போவதும் உண்டு. திருவருகைக் கால ஞாயிறை எந்த விழாவும் தள்ளிவிட முடியாது என்பது விதி. 2024இல் 8ஆம் தேதி ஞாயிறாக வந்தது, அதனால் பொது நாட்காட்டிப்படி விழா திங்களுக்குப் போனது.

திருவருகைக் காலத்துல கல்யாணம் வைக்கக் கூடாதுன்னு பாட்டி சொல்றாங்க. உண்மையா?

பாட்டி சொல்வதற்கு வேர் இருக்கிறது. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத் தொகுப்பில், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறிலிருந்து கிறிஸ்மஸ் நாள் வரை திருமணத்தின் ஆடம்பர ஆசீர் கிடையாது. தவக்காலத்துக்கும் அப்படியே. இப்போதைய பொதுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. ஆனால் இந்தக் காலத்தின் தன்மைக்கு ஏற்ப அடக்கமாக நடத்த வேண்டும் என்று திருமணச் சடங்குநூல் சொல்கிறது. பல பங்குகளில் பழைய வழக்கத்தையே பிடித்துக்கொண்டு இந்த வாரங்களைத் தவிர்க்கிறார்கள்.

மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் பங்குத்தந்தையைப் பாருங்கள். மூன்று ஞாயிறு பூசையில் திருமண அறிவிப்பான ஓலை வாசிக்க வேண்டும், திருமணத் தயாரிப்பு வகுப்பு முடித்த சான்று வேண்டும், இரண்டு பங்குக்கும் கடிதம் போய் வர வேண்டும். தேதியைத் தாங்களே குறித்துக்கொண்டு அப்புறம் சாமியாரிடம் போகிறவர்கள்தான் கடைசியில் மனவருத்தப்படுகிறார்கள்.

டிசம்பர் 17 பூசையில ஒரே பேரா வாசிக்கிறாங்களே, அதுல என்ன இருக்கு?

மத்தேயு நற்செய்தியின் முதல் 17 வசனங்கள், ஆபிரகாமிலிருந்து யோசேப்பு வரை. வாசிப்பவர் மூச்சு வாங்குவார், கேட்பவர்களுக்குக் கண் சொக்கும். எனக்கோ இந்தக் காலத்து வாசகங்களில் மிகப் பிடித்தது இதுதான். அடுத்த முறை அதில் வரும் பெண்களை மட்டும் எண்ணுங்கள். மரியாவுக்கு முன் நான்கு பேர். மாமனாரால் வஞ்சிக்கப்பட்டு, மாறுவேடத்தில் அவரிடமே நியாயம் தேடிக்கொண்ட தாமார். எரிகோ நகரின் விலைமாது இராகாபு. விதவையாக வேற்று நாட்டுக்கு வந்து கதிர் பொறுக்கிய மோவாபியப் பெண் ரூத்து. நான்காவது பெண்ணை மத்தேயு பெயர் சொல்லாமல் "உரியாவின் மனைவி" என்கிறார். அவளை அபகரித்து உரியாவைச் சாகவைத்த தாவீது அரசரின் துரோகத்தை அந்த இரண்டு சொல் மறக்கவிடாது.

வம்சம் சொல்பவர்கள் பொதுவாக மறைக்கப் பார்க்கிற பக்கங்களை மத்தேயு திறந்து வைக்கிறார். இயேசு பிறந்தது இந்தக் குடும்பத்தில்தான். தங்கள் வீட்டுக் கதையை வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் இந்த வாசகத்தை நின்று கேட்க வேண்டும்.

அன்று தொடங்கி 23 வரை திருச்சபையின் மாலைச் செபமான மாலைப் புகழில் ஏழு அழைப்புகள் வரும்: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. ஒவ்வொன்றும் "வாரும்" என்றுதான் முடியும். குடும்ப செபத்தில் நாளுக்கு ஒன்றாகச் சொல்லிப் பாருங்கள்.

டிசம்பர் 25ன்னு பைபிள்ல எங்க இருக்கு? வேற சபைக்காரங்க கேட்டா என்ன சொல்றது?

இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். நற்செய்தியில் நாளும் இல்லை, மாதமும் இல்லை. உரோமையில் 354இல் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டியில் டிசம்பர் 25 கிறிஸ்து பிறந்த நாளாக வருகிறது. அந்தப் பகுதி 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர்கள் கணிப்பு.

ஏன் அந்த நாள் என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. உரோமையர் கொண்டாடிய சூரிய விழாவின் இடத்தில், உண்மையான ஒளியான கிறிஸ்துவின் விழாவை வைத்தார்கள் என்பது ஒன்று. மார்ச் 25 அன்று கருவானார், ஆகவே டிசம்பர் 25 அன்று பிறந்தார் என்ற கணக்கு இன்னொன்று. புனித அகுஸ்தினாரே இதை எழுதியிருக்கிறார். சூரிய விழா டிசம்பர் 25 என்று சொல்லும் பதிவும் அதே 354 நாட்காட்டியில்தான் இருக்கிறது, ஆகவே எது எதைப் பார்த்து வந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆர்மீனியத் திருச்சபை பிறப்பை ஜனவரி 6 அன்று கொண்டாடுகிறது. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைக்கும் டிசம்பர் 25தான், ஆனால் பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி என்பதால் நமக்கு அது ஜனவரி 7. நாம் கொண்டாடுவது கடவுள் மனிதரானதை, ஒரு தேதியை அல்ல.

ராத்திரி 12 மணிப் பூசைதான் உண்மையான கிறிஸ்மஸ் பூசையா? 24 சாயங்காலப் பூசை செல்லாதா?

எல்லாம் செல்லும். கிறிஸ்து பிறப்புக்கு நான்கு திருப்பலிகள் உண்டு: முந்தின மாலை, இரவு, விடியல், பகல். நான்குக்கும் வேறு வேறு நற்செய்தி. மாலையில் மேலே சொன்ன தலைமுறை அட்டவணையும் யோசேப்பின் கனவும். இரவில் தீவனத் தொட்டியும் வானதூதர்களும். விடியலில் இடையர்கள் ஓடிப்போய்ப் பார்க்கிறார்கள். பகலில் "தொடக்கத்தில் வாக்கு இருந்தது" என்ற யோவானின் முன்னுரை. இரவுத் திருப்பலி சரியாக 12க்குத்தான் என்றும் இல்லை. 2009இல் வத்திக்கானிலேயே அதை 10 மணிக்கு மாற்றினார்கள்.

இரவுப் பூசைக்கு இடம் கிடைக்காது, பகல் பூசையில் பாதிப் பெஞ்சு காலியாக இருக்கும். முடிந்தால் பகலுக்கும் போங்கள். இரவில் குழந்தையைப் பார்க்கிறோம், பகலில்தான் அந்தக் குழந்தை யார் என்று யோவான் சொல்கிறார்.

அன்றைக்கு இன்னொன்றையும் கவனியுங்கள். நம்பிக்கை அறிக்கையில் அவர் "மனிதர் ஆனார்" என்று சொல்லும் இடத்தில் மற்ற ஞாயிறுகளில் தலை வணங்குவோம். கிறிஸ்மஸ் அன்றும் மார்ச் 25 அன்றும் அந்த இடத்தில் முழந்தாளிட வேண்டும். விவரம் தெரியாமல் பாதிப் பேர் நின்றுகொண்டிருப்பார்கள், நீங்கள் தயங்காமல் முழந்தாளிடுங்கள்.

குடில் வைக்கிறதை யார் ஆரம்பிச்சாங்க? அதுல மாடும் கழுதையும் எங்கிருந்து வந்துச்சு?

1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி நகர் புனித பிரான்சிஸ் இதைச் செய்தார். மலைப்பாறைக்குக் கீழே வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டி, உயிருள்ள மாடு, கழுதை, அவ்வளவுதான். சுரூபங்கள் எதுவும் இல்லை. தொட்டியின் மேல் திருப்பலி நடந்தது. பிரான்சிஸ் குருவல்ல, குருவுக்கு அடுத்த நிலையான திருத்தொண்டர், அதனால் நற்செய்தியைப் பாடி மறையுரை ஆற்றினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1 அன்று அதே ஊருக்குப் போய், குடிலின் பொருள் பற்றிய திருமடல் ஒன்றில் கையொப்பமிட்டார்.

லூக்கா மாட்டையும் கழுதையையும் சொல்லவில்லை. "காளை தன் உடைமையாளனை அறிகிறது, கழுதை தன் தலைவனின் தீவனத் தொட்டியை அறிகிறது, என் மக்களோ அறியவில்லை" என்ற பொருளில் எசாயா முதல் அதிகாரத்தில் ஒரு வசனம் உண்டு. அதிலிருந்து வந்தவை அவை. குடிலில் சும்மா படுத்திருப்பதாக நினைக்கிற அந்த இரண்டும் நம்மைப் பார்த்துத்தான் கேள்வி கேட்கின்றன.

பாலன் சுரூபத்தை 24 இரவு வரை வைக்காமல் தொட்டியை வெறுமையாக விட்டுவைப்பது நல்ல பழக்கம். வீட்டில் கடைசிக் குழந்தையின் கையால் வைக்கச் சொல்லுங்கள்.

25ஆம் தேதி ராத்திரியோட கிறிஸ்மஸ் முடிஞ்சிடுது இல்ல?

அன்றுதான் தொடங்குகிறது. இந்த ஒரு விஷயத்தில் நாம் தலைகீழாக நடக்கிறோம் என்று எனக்கு ஆதங்கம் உண்டு. டிசம்பர் முதல் வாரமே நட்சத்திரம் கட்டி, அலுவலகத்தில் கேக் வெட்டி, கீதப் பவனி சுற்றி, காத்திருக்க வேண்டிய நாட்களில் கொண்டாடிவிடுகிறோம். கொண்டாட வேண்டிய நாட்களில் களைத்துப்போய், 26ஆம் தேதி நட்சத்திரத்தைக் கழற்றுகிறோம்.

டிசம்பர் 25 முதல் ஜனவரி 1 வரை எட்டு நாளும் ஒரே பெருவிழா மாதிரி. தினமும் வானவர் கீதம் உண்டு. அப்புறமும் கிறிஸ்து பிறப்புக் காலம் நீண்டு, ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடுதான் முடியும். 2026 கிறிஸ்மஸுக்கு அந்த முடிவு 2027 ஜனவரி 10. அதுவரை பலகாரம் கொடுக்கலாம், உறவினர் வீட்டுக்குப் போகலாம், கிறிஸ்மஸ் பாட்டுப் பாடலாம். யாராவது "இன்னுமா?" என்று கேட்டால், "ஆமாம், இன்னும்தான்" என்று சொல்லுங்கள்.

சந்தோஷமா இருக்கிற நேரத்துல 26 ஸ்தேவான் கல்லெறிபட்டுச் சாகிறார், 28 குழந்தைகளைக் கொல்றாங்க. இதையெல்லாம் ஏன் இங்க வச்சாங்க?

பாலன் பிறந்ததும் அவரைச் சுற்றி நிற்பவர்கள் யார் என்று திருச்சபை காட்டுகிறது. 26 முதல் மறைசாட்சி ஸ்தேவான். 27 திருத்தூதர் யோவான். 28 இயேசுவைத் தேடிய ஏரோது அரசன் கொல்லச் சொன்ன மாசில்லாக் குழந்தைகள். 26க்கும் 28க்கும் சிவப்பு உடுப்பு, 27க்கு வெள்ளை. ஸ்தேவான் விருப்பத்தோடு இரத்தம் சிந்தினார். யோவான் இரத்தம் சிந்தத் தயாராக இருந்தும், மரபுப்படி இயல்பாகவே இறந்தார். அந்தக் குழந்தைகளோ தெரியாமலேயே சிந்தினார்கள். மூன்று விதமான சாட்சியம்.

குழந்தைகளுக்குத் திருமுழுக்கு கூட இல்லையே, எப்படிப் புனிதர்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். கிறிஸ்துவுக்காகச் சிந்தும் இரத்தமே திருமுழுக்கு என்பது திருச்சபையின் பழைய போதனை. ஏரோது தேடியது இயேசுவை, இறந்தது அவர்கள். அவருக்குப் பதிலாக வெட்டப்பட்டவர்களை அவர் கைவிடுவாரா? அன்றைய நற்செய்தியில் இராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதலை ஏற்க மறுக்கிறாள். குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார் பங்கில் இருப்பார்கள். கிறிஸ்மஸ் வாரத்தில் எல்லோரும் சிரிக்கும்போது அவர்களுக்கு என்று ஒரு நாள் இருக்கிறது. குடில் ஜோடனைக்கு நடுவே அந்த வாசகத்தை யாரும் அவசரமாகக் கடந்து போகக் கூடாது.

திருக்குடும்ப விழா ஒரு வருஷம் ஞாயிறு வருது, ஒரு வருஷம் வெள்ளிக்கிழமை வருதே?

அந்த எட்டு நாளுக்குள் வரும் ஞாயிறுதான் அதன் இடம். கிறிஸ்மஸே ஞாயிறாக வந்தால் அடுத்த ஞாயிறு ஜனவரி 1 ஆகிவிடும், அது வேறு பெருவிழா. அப்போது டிசம்பர் 30, அது எப்போதும் வெள்ளிதான். 2022இல் அப்படித்தான் நடந்தது. 2026இல் 27ஆம் தேதி.

ஜனவரி 1 புத்தாண்டுப் பூசைதானே? அதுல மாதா எங்க வர்றாங்க?

திருவழிபாட்டில் அந்த நாள் "இறைவனின் தாய் தூய மரியா" பெருவிழா. நம் புத்தாண்டு முதல் கேள்வியில் சொன்னபடி நவம்பர் கடைசியிலேயே பிறந்துவிட்டது. 431இல் எபேசு பொதுச்சங்கம் மரியாவை இறைவனின் தாய் என்று அழைப்பதை உறுதி செய்தது. வயிற்றில் சுமந்தது வெறும் மனிதரை அல்ல, மனிதரான கடவுளை என்பதால் அந்தப் பட்டம். ஆக, இது மாதா விழா என்றாலும் பேச்சு முழுக்க இயேசு யார் என்பதைப் பற்றியதுதான்.

எட்டாம் நாள் குழந்தைக்கு விருத்தசேதனம் செய்து இயேசு என்று பெயரிட்டார்கள் என்று லூக்கா சொல்கிறார். அந்த நற்செய்தியே அன்று வாசிக்கப்படும். 1968 முதல் அதே நாள் உலக அமைதி நாளாகவும் இருக்கிறது, தொடங்கியவர் திருத்தந்தை ஆறாம் பவுல். 31 இரவு நன்றி வழிபாடு முடிந்து 12 மணிக்குப் பட்டாசு வெடிக்கும்போது, இவ்வளவும் அந்தப் பூசைக்குள் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூணு ராஜாக்கள் சுரூபத்தைக் குடில்ல எப்ப வைக்கணும்? அவங்க நிஜமாவே ராஜாக்களா?

மத்தேயு "ஞானிகள்" என்றுதான் சொல்கிறார். எத்தனை பேர் என்றும் சொல்லவில்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என மூன்று காணிக்கை இருப்பதால் மூன்று பேர் ஆனார்கள். அரசர்கள் என்பது திருப்பாடல் 72இலிருந்தும் எசாயா 60இலிருந்தும் வந்த வழக்கம். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்கள் அதற்கும் பிற்பாடு வந்தவை. அவர்களுடையவை என்று போற்றப்படும் திருப்பண்டங்கள் 1164இல் மிலானிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குக் கொண்டுபோகப்பட்டன.

அவர்கள் வந்தபோது குழந்தை தொட்டியில் இல்லை. "வீட்டிற்குள்" போனார்கள் என்கிறது நற்செய்தி. ஏரோது இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்னதைப் பார்த்தால், சில மாதங்களாவது கடந்திருக்கலாம். அதனால் இடையர்களோடு சேர்த்து நிறுத்தாமல், 25ஆம் தேதி அறையின் ஒரு மூலையில் வைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஞானிகள் வந்ததைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழா அன்று குடிலுக்குள் கொண்டுவரும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும், நம் வீடுகளிலும் செய்யலாம்.

பெருவிழாவின் உரிய நாள் ஜனவரி 6. இந்தியாவில் ஜனவரி 2க்கும் 8க்கும் இடைப்பட்ட ஞாயிறுக்கு வைத்திருக்கிறார்கள், 2027இல் அது ஜனவரி 3. கோவாவின் சில ஊர்களில் மட்டும் 6ஆம் தேதியே சிறுவர்கள் மூன்று அரசர்களாக வேடமிட்டுத் திருவிழா எடுக்கிறார்கள். வேற்று இனத்தார் முதன்முதலாக ஆண்டவரைத் தேடி வந்த நாள் இது. யூதர் அல்லாத நாமெல்லாம் உண்மையில் இந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தோம்.

பாலன் குடில்ல இருக்கும்போதே முப்பது வயசுல திருமுழுக்கு வாங்குறாரே, நடுவுல வருஷமெல்லாம் எங்க போச்சு?

திருவழிபாடு வாழ்க்கை வரலாற்றை வரிசையாகச் சொல்வதில்லை. பெத்லகேமில் இடையர்களுக்கு, பிறகு ஞானிகளுக்கு, யோர்தானில் எல்லாருக்கும் முன்பாக என்று அவர் வெளிப்பட்ட தருணங்களைத் தொடுத்து வைக்கிறது. "என் அன்பார்ந்த மகன் நீயே" என்று தந்தையின் குரல் கேட்டதும், குழந்தை யார் என்ற கேள்விக்கு முழுப் பதில் கிடைத்துவிடுகிறது. அதனால்தான் காலம் இங்கே முடிகிறது. திருக்காட்சி 7 அல்லது 8ஆம் தேதியில் வந்தால் திருமுழுக்கு விழா மறுநாள் திங்களிலேயே வந்துவிடும். 2023, 2024 இரண்டிலும் அப்படித்தான்.

2026ல கிறிஸ்மஸ் வெள்ளிக்கிழமை. கறி சாப்பிடலாமா?

சாப்பிடலாம். வெள்ளிக்கிழமையில் பெருவிழா வந்தால் புலால் தவிர்ப்பு இல்லை என்று திருச்சபைச் சட்டம் 1251 தெளிவாகச் சொல்கிறது. அடுத்த வெள்ளி 2027 ஜனவரி 1, அதுவும் மேலே சொன்னபடி பெருவிழா. இரண்டு நாளும் பிரியாணிக்குத் தடையில்லை.

2028ல டிசம்பர் 24 ஞாயிறு, 25 திங்கள். 24 சாயங்காலம் ஒரே பூசை போனா ரெண்டுக்கும் சேர்த்துக் கணக்கு வருமா?

வராது. ஞாயிறு ஒரு கடன், கிறிஸ்மஸ் ஒரு கடன், இரண்டுக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். சனி மாலையோ ஞாயிறோ ஒரு பூசை, ஞாயிறு மாலை, இரவு அல்லது திங்களில் இன்னொரு பூசை. காலையில் ஊதாவோடு திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு, சாயங்காலமே வெள்ளைக்கு மாறிவிடும். கோயில் ஜோடிக்கிறவர்களுக்கு அன்று சில மணி நேரம்தான் கையில் இருக்கும். 2023இல் இதே நிலைமைதான், அன்று திணறிய பங்குகள் இப்போதே ஆள் சேர்த்து வைக்கலாம்.

அப்போ குடிலை எப்பக் கழட்டுறது? பிப்ரவரி 2 வரை வைக்கலாம்னு சொல்றாங்களே?

திருமுழுக்கு விழா முடிந்து எடுப்பது இன்றைய முறை. பிப்ரவரி 2 வரை வைக்கும் பழைய வழக்கமும் சில ஊர்களில் தொடர்கிறது, தவறில்லை. பிறப்புக்கு நாற்பதாம் நாளான அன்று ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக அர்ப்பணித்த விழா. யோசேப்பும் மரியாவும் கொடுத்தது புறாக் காணிக்கை. ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு லேவியர் நூல் அனுமதித்தது அது. முதியவர் சிமியோன் குழந்தையைக் கையில் வாங்கி, பிற இனத்தாருக்கு ஒளி என்று பாடினார். அதனால் அன்று பூசைக்கு முன் மெழுகுதிரிகளை மந்திரித்து, ஏற்றிப் பிடித்துப் பவனியாக வருவோம்.

அந்தத் திரிகளை வீட்டுக்குக் கொண்டுபோய் நோயாளிகள் பக்கத்திலும் இடி மின்னல் நேரத்திலும் ஏற்றுவது நம் பெரியவர்கள் வழக்கம். மறுநாள் பிப்ரவரி 3 புனித பிளாசியார் நினைவு. இரண்டு திரிகளைக் குறுக்காகப் பிடித்துத் தொண்டையில் வைத்துக் குருவானவர் ஆசீர் அளிப்பார், அதற்கும் முந்தின நாள் மந்திரித்த திரிகளைத்தான் எடுப்பார்கள். வார நாளாக இருந்தாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலைப் பூசைக்குப் போய் வாருங்கள்.